சீதன வீட்டின் வரலாறும் மணமக்கள் கேட்க வேண்டிய கேள்விகளும்

வைகாசியும் ஆவணியும் பிறந்துவிட்டால் எமது ஆசிரியர் அறை மேசைமீது திருமண அழைப்பிதழ்கள் குவியத் தொடங்கும். பொன்னெழுத்துப் பதித்த தடித்த அட்டைகள். மணமகன் பட்டம், மணமகள் பட்டம், முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர் யாவும் அவற்றிலிருக்கும். அழைப்பிதழிற் காணாத செய்திகள் இரண்டு உண்டு. மணமகள் குடியிருக்கப் போகும் வீடு யார் பெயரில் இருக்கின்றது என்பது ஒன்று. அவ்வீட்டையும் அவ்விருந்தையும் யாருடைய உழைப்பு, யாருடைய கடன் தாங்கி நிற்கின்றது என்பது மற்றொன்று. பெரியகல்லாற்றிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஒரு திருமணத்தின் வாழ்வும் தாழ்வும் இவ்விரு செய்திகளிலேயே தங்கியிருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு, கணிதத்தில் விருப்பமுள்ளவன். உயர்தர வகுப்பின் முதலாந் தவணை முடிவதற்குள் அவன் இருக்கை வெறுமையாயிற்று. விசாரித்தபோது, கட்டார் நாட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். அவனுக்குத் தங்கையர் இருவர். இருவருக்கும் இரண்டு வீடுகள் எழும்ப வேண்டும். அதன் பின்னரே அவன் தன் வாழ்வைப்பற்றி எண்ணலாம். இதனை அவன் குடும்பத்தார் எவரும் கொடுமையாகக் கருதவில்லை. “அண்ணன் என்றால் அதுதானே கடமை” என்றே அவன் தாயார் எம்மிடம் கூறினார்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? என்றும் இப்படியே இருந்ததா? இதிற் காக்கத் தக்கது எது, கழிக்கத் தக்கது எது? மணம் பேசி நிச்சயிக்கப்பட்டிருக்கும் இளைஞரும் யுவதியரும் இவற்றை அறிந்திருத்தல் நன்று. கல்யாண ஏற்பாடு என்றால் மணவறை அலங்காரமும் சாப்பாட்டுப் பட்டியலுமே என எண்ணுவோர்க்கு வரலாறு சொல்லும் ஆலோசனை வேறாக இருக்கின்றது.

தாய்வழிக் குடியும் முக்குவர் சட்டமும்

மட்டக்களப்பு வாவி நாட்டை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்கரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலம் படுவான்கரை. எழுவான்கரையில் வீடும் தென்னையும், படுவான்கரையில் வெள்ளாண்மை. இவ்விரு கரைகளையும் இணைத்து நின்ற சமூக அமைப்பின் அடிப்படை அலகு குடி என்பதாகும். குடி தாய்வழியாக வருவது. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். தந்தையின் குடியை அல்லர். ஒரே குடிக்குள் மணம் செய்தல் கூடாது. கோயிற்றிருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்குரியது என்ற முறையும், கோயில் நிருவாகத்தில் குடிகளுக்குரிய இடமும் இன்றும் பல ஊர்களில் வழக்கிலுள்ளன. மட்டக்களப்பு மான்மியத்தை 1962-ஆம் ஆண்டில் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து வெளியிட்டார். மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை 1964-இல் வி. சீ. கந்தையா வெளியிட்டார். குடிமரபைப்பற்றி அறிய விழையும் மாணவர் இவ்விரு நூல்களிலிருந்து தொடங்கலாம்.

பண்டை நாளில் இந்நாட்டின் சொத்துரிமையும் இத்தாய்வழியையே பின்பற்றியது. அதுவே முக்குவர் சட்டம் எனப்பட்டது. முன்னோரிடமிருந்து வந்த முதுசொம் ஒருவனுடைய பிள்ளைகளைச் சேராது, அவனுடன்பிறந்தாளின் பிள்ளைகளைச் சேரும். அவன் தானே உழைத்துத் தேடிய தேட்டத்தைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க இடமிருந்தது. கேரளத்து மருமக்கள்தாயத்தோடு இதற்குள்ள ஒப்புமை வெளிப்படை.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வருதல் கூடாது. தாய்வழிச் சமூகம் என்றவுடன் பெண்ணாட்சி என எண்ணிக்கொள்வார் உளர். குடியின் முதுசொத்து பெண்வழியே இறங்கிற்றென்பது மெய். ஆயின் அதனை ஆண்டவர் பெரும்பாலும் தாய்மாமனாகிய ஆண்மக்களே. மோர்கன் 1877-இலும் எங்கெல்ஸ் 1884-இலும் எழுதிய நூல்களைக் கற்ற நண்பர்கள், தாயுரிமை என்பது தனிச்சொத்துக்கும் வர்க்கத்துக்கும் முற்பட்ட நிலை என்று படித்திருப்பர். மட்டக்களப்பு அந்த வரையறைக்குள் எளிதில் அடங்குவதன்று. இங்கே போடியார்களும் இருந்தனர். அவர்களின் வயலிற் கூலிக்கு உழைத்தோரும் இருந்தனர். சாதி ஏற்றத்தாழ்வும் இருந்தது. அவற்றோடு தாய்வழியும் இருந்தது. நிலவுடைமை தாய்வழி மரபை அழிக்காமலே அதனைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது. கோட்பாட்டைக் கொண்டு ஊரை அளக்கும்போது ஊரைக்கொண்டு கோட்பாட்டையும் அளத்தல் வேண்டும்.

1876: ஓர் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள்

யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707-இல் தேசவழமை என்னும் பெயரில் தொகுத்தனர். ஆங்கிலேயர் 1806-இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். அதனால் அது பிழைத்தது. 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் திருத்தம் பெற்று இன்றும் வழக்கிலுள்ளது. முக்குவர் சட்டத்துக்கு அத்தகைய வாழ்வு கிடைக்கவில்லை. வழக்கறிஞரான கிறிஸ்தோபர் பிரித்தோ முக்குவர் சட்டம்பற்றித் தம் நூலை வெளியிட்ட ஆண்டு 1876. அதே ஆண்டில் குடியேற்ற அரசு விவாக உரிமைகள், மரபுரிமைகள் பற்றிய 15-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட தமிழர் ஆகியோருக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. மட்டக்களப்பாருக்கு விலக்கில்லை. எழுத்திற் பதிந்த ஆண்டிலேயே அச்சட்டம் நீதிமன்றத்திலிருந்து வெளியேறிற்று.

புதிய சட்டம் முக்குவர் வழமையை நீக்கியதோடு நிற்கவில்லை. கணவன் மனைவியரின் சொத்து ஒன்றாகக் கலந்துவிடும் உரோம-ஒல்லாந்தச் சட்ட முறையையும் அது ஒழித்தது. கணவன் சொத்து கணவனுக்கு. மனைவி சொத்து மனைவிக்கு. ஆயினும், மனைவி தன் நிலத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற தளை அதிலிருந்தது. 1923-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டம், விவாகமான பெண்ணின் ஆதனம் முற்றும் அவளுடையதே என வகுத்து அத்தளையை அறுத்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்குட்பட்ட மனைவியோ தன் சீதன நிலத்தை விற்பதற்கு இன்றும் கணவன் சம்மதத்தைப் பெற வேண்டியவளாகவே இருக்கின்றாள். வாவிக்கரைப் பெண்ணுக்கு அந்தத் தளை இல்லை. இதனை எத்தனை மணப்பெண்கள் அறிவார்கள்?

மரபு நீதிமன்றத்தை விட்டு நீங்கியதேயன்றி ஊரை விட்டு நீங்கவில்லை. முதுசொத்து மருமக்களைச் சேரும் முறை மறைந்தது. அதனிடத்தைச் சீதனம் முழுதாக எடுத்துக்கொண்டது. குடிக்குப் பொதுவாயிருந்த தாய்வழி உரிமை ஒவ்வொரு மகளின் பெயருக்கும் எழுதப்படும் உறுதியாயிற்று. தாய் தன் வீட்டை மூத்த மகளுக்கு எழுதுவாள். புதுமணத் தம்பதியர் அவ்வீட்டிற் குடியேறுவர். சிறிது காலம் பெற்றோரும் அவர்களோடிருந்து, அடுத்த மகளுக்கு வீடு எழும்பியதும் அங்கே மாறுவர். கடைசி மகளுக்கும் கொடுத்தபின் அவர்களுக்கு எஞ்சுவது பெரும்பாலும் ஒரு மகளின் வளவிலுள்ள சிறு குடிலே. அருகேயுள்ள முஸ்லிம் ஊர்களிலும் குடிமுறையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கும் இவ்வாறே நிலவுகின்றன. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்து 2008-இல் வெளியிட்ட நூல் இவ்வொற்றுமையை விரிவாகக் காட்டுகின்றது. அரசியல் பிரித்துவைத்த இரு சமூகங்களும் தம் பெண்மக்களைக் காக்கும் வழியில் ஒன்றாயிருந்தன என்பது நினைக்கத்தக்கது.

வீடு கொடுத்த வலிமை

சீதனம் என்ற சொல்லைக் கேட்டதும் முற்போக்காளராகிய நாம் முகஞ்சுளிப்பது இயல்பு. இந்தியாவில் 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் பிறந்தது, கொடுமை ஒழியவில்லை. ஆயினும், அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒன்றெனக் கொள்வது பிழை. அங்கே பெண் தன் பிறந்தகத்தை விட்டுப் பொருளோடு அந்நியர் வீட்டுக்குப் போகின்றாள். பொருள் மாமியார் கையிற் சேர்கின்றது. அவள் அவ்வீட்டில் அயலாள். இங்கே ஆண்மகன் பெண்வீட்டுக்கு வருகின்றான். வீடு அவளுடையது. அடுத்த வளவில் அவள் அக்காள், பின்வளவில் தாய், கூப்பிடு தூரத்தில் பெரியம்மாவும் சின்னம்மாவும். அடிக்க ஓங்கிய கை இத்தனை கண்களையும் தாண்டியாக வேண்டும். மணம் முறிந்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியவன் கணவனே. அவளும் பிள்ளைகளும் தெருவில் நிற்பதில்லை.

வைகாசியில் எங்கள் கண்ணகி கோயில்களிற் கலியாணக்கால் நட்டுச் சடங்கு செய்கின்றோம். குளிர்த்திப் பாடலோடு சடங்கு நிறைவு பெறுகின்றது. ஆண்டுதோறும் கேட்கும் அக்கதையில் ஒரு சொத்துச் செய்தி இருப்பதை நாம் கவனிப்பதில்லை. கோவலன் தன் பொருளை அழித்தபின் விற்கக் கொண்டு சென்றது கண்ணகியின் சிலம்பை. மனைவியின் பொருள் கணவனின் இடருக்கு ஈடாக எடுத்துச் செல்லப்பட்ட இடத்திலேதான் அக்கதையின் பேரழிவு தொடங்குகின்றது. சிலம்பு காலிலிருந்து கழன்றது. வீடு அவ்வாறு எளிதிற் கழன்று செல்வதில்லை. நகையாய்க் கொடுத்ததை விட நிலமாய்க் கொடுத்தது பெண்ணுக்கு வலிமை தந்தது.

வீட்டின் விலை

இவ்வலிமையின் விலையையும் நாம் மறைத்தலாகாது. எழுவான்கரை அகலமில்லாத மணற்றுண்டு. கிழக்கே கடல், மேற்கே வாவி. நிலம் வளர்வதற்கு இடமில்லை. ஒரு தாய்க்கு நாற்பது பேர்ச் வளவு இருந்ததென்று கொள்வோம். மூன்று மகளிருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதின்மூன்று பேர்ச். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மும்மூன்று மகளிர் பிறந்தால் பேத்திக்கு எஞ்சுவது நான்கு பேர்ச்சுக்குச் சிறிது மேல். அதில் வீடு கட்டினால் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரமும் இராது. மகளிருக்கு வளவு தேடி வெளியே காணி வாங்குவதென்றால் பணம் வேண்டும். வயல் விற்கப்படுகின்றது, நகை அடைவு போகின்றது, மகன் வெளிநாடு போகின்றான்.

முன்பு வீடு என்பது களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாகும். ஊரார் கூடிக் கட்டி முடிப்பர். கிடுகு தென்னையிலிருந்து வந்தது. மண் காலடியிலிருந்து வந்தது. செலவு உழைப்பாக இருந்தது. கல்லும் சீமெந்தும் வந்தபின் உழைப்பு பணமாக மாறிற்று. 1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பில் ஓலைக் குடிலின் மீதிருந்த நம்பிக்கையை அடியோடு பெயர்த்தது. அதே காலத்திலேதான் மத்திய கிழக்கின் எண்ணெய்ப் பணம் இலங்கைத் தொழிலாளரை இழுக்கத் தொடங்கிற்று. தங்கைக்கு வீடு வேண்டுமென்று அண்ணன் போனான். மகளுக்கு வீடு வேண்டுமென்று தாயே வீட்டுப் பணிப்பெண்ணாய்ப் போனாள். மகளின் வீட்டுக்காகத் தாய் தன் வீட்டை விட்டுப் பிறர் வீட்டுத் தளத்தைத் துடைக்கின்றாள். இம்முரண்பாட்டின் தோற்றுவாய் ஒரு தனிமனிதரின் பேராசையன்று. நிலத்தின் நெருக்கமும் வேலையின்மையும் சேர்ந்து உருவாக்கியது அது.

இதற்கிடையே மற்றொரு தீமை வடக்கிலிருந்தும் நகரத்திலிருந்தும் வந்து புகுந்தது. வீடும் வளவும் பெண்ணின் பெயருக்குப் போவது போதாதென்று, மாப்பிள்ளை வீட்டார் கையில் ரொக்கம் கேட்கின்றனர். ‘டொனேசன்’ என்று அதற்குக் கௌரவமான பெயர். முஸ்லிம் ஊர்களில் அதற்குக் கைக்கூலி என்று பெயர். அச்சொல்லேனும் ஒளிவுமறைவின்றி இருக்கின்றது. படித்து உத்தியோகம் பெற்ற மாப்பிள்ளைக்கே தொகை அதிகம் என்பதை ஆசிரியராகிய நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் கொடுக்கும் சான்றிதழ் சந்தையில் விலைச்சீட்டாக மாறுகின்றது. வீடு பெண்ணுக்குப் பாதுகாப்பு. ரொக்கம் அவளுக்கு எவ்வகையிலும் பாதுகாப்பன்று. இவ்விரண்டையும் சீதனம் என்ற ஒரே சொல்லால் அழைப்பதாற்றான் ரொக்கம் வீட்டின் நிழலில் மறைந்து வாழ்கின்றது.

அரசின் உறுதியும் ஆண்பிள்ளையும்

மரபு பெண்ணுக்கு எழுதியதை அரசு ஆணுக்கு எழுதிய இடங்களும் உண்டு. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணி பெற்றோரின் உரித்தை வகுத்தபோது, உரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து ஆண் வாரிசுகளுக்கு முன்னுரிமை அளித்தது. 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதலாகக் குடியேற்றக் காணிகள் குடும்பத் தலைவன் என்ற ஆணையே நோக்கின. தாய்வழி மரபுள்ள மாகாணத்திலும் இதே விதியே நடந்தது. பெண்கள் அமைப்புகள் நெடுங்காலம் போராடிய பின்னர், 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே அவ்வேறுபாட்டை நீக்கியது.

2004-ஆம் ஆண்டு திசெம்பர் 26-ஆந் திகதி கடல் பொங்கியபோது இக்கேள்வி மணலிலிருந்து வெளியே வந்தது. அழிந்த வீடுகளுட் பல பெண்களின் சீதன வீடுகள். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்று அரசு முதலில் அறிவித்தது. பின்னர் அதனைத் தளர்த்தியது. அதற்குள் பல குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. புதிய வீட்டின் பத்திரம் பல இடங்களிற் குடும்பத் தலைவரென்று கணவன் பெயரில் எழுதப்பட்டது. தாய்க்குத் தாயாக வந்த உரிமை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் மறைந்தது. படிவத்தை நிரப்பிய உத்தியோகத்தர் தீயவர் அல்லர். படிவமே மனைவிக்கு இடம் வைக்காதது. மட்டக்களப்பிலும் பெண்கள் கூடி, இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கேட்டனர்.

போர்க்காலம் கற்பித்த பாடமும் ஒன்றுண்டு. இடப்பெயர்வுக்கும் அச்சத்துக்கும் இடையே, கோயிலில் தாலி கட்டி, விவாகப் பதிவைப் பின்னர் பார்ப்போம் என்று விட்ட குடும்பங்கள் பல. வழமைப்படி நடந்த மணத்தையும் நீதிமன்றம் ஏற்கும். ஆனால் அதனை நிறுவ வேண்டிய பாரம் அப்பெண்ணின் தலையில் விழும். கணவனை இழந்தவளும், கணவன் காணாமற் போனவளும், நான் அவர் மனைவி என்று கச்சேரி வாசலிற் சாட்சி தேடி நின்ற காட்சியைக் கண்ட எவரும் பதிவை வெறும் கடதாசி என்று சொல்லார்.

மணமக்கள் கேட்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து மணமக்களுக்குச் சில நடைமுறை முடிவுகள் பிறக்கின்றன. எம் பழைய மாணவர் கேட்கும்போது நாம் சொல்வன இவையே.

முதலாவது, நாள் பார்க்குமுன் உறுதியைப் பாருங்கள். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டப்படி, நிலக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. “வீடு உனக்குத்தான் மகள்” என்ற தந்தையின் வாய்மொழி அன்பாகலாம்; உரித்தாகாது. காணி யார் பெயரில் உள்ளது, ஈட்டில் இருக்கின்றதா, காணிப் பதிவகத்திற் பதியப்பட்டதா, அரச காணியெனில் எவ்வகை அனுமதிப் பத்திரம் என்ற நான்கையும் மணமகளே நேரிற் கேட்டறிதல் வேண்டும். கேட்பது அவமரியாதை என்று எவரேனும் சொன்னால், அவள் பாட்டியின் காலத்தில் அது குடியின் முன்னிலையிலேயே பேசப்பட்டது என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, எழுதும்போது பெற்றோரை மறவாதீர். வீட்டைக் கொடுத்துவிட்டுக் குடிலுக்குப் போன தாய் தந்தையர், பிற்காலத்தில் மருமகன் முகம் பார்த்து வாழ நேர்வது உண்டு. உறுதியிற் பெற்றோரின் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுவது எளிது, செலவில்லாதது. அது மகள்மீது கொண்ட ஐயமன்று. முதுமைக்குச் செய்யும் நீதி.

மூன்றாவது, இருவரும் உழைத்துக் கட்டுவதை இருவர் பெயரிலும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்திலே தேடிய தேட்டம் என்ற பங்குரிமை உண்டு. வாவிக்கரையில் 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அத்தகையதொன்று இல்லை. பெயர் யாருடையதோ சொத்து அவருடையதே. கணவனின் சம்பளத்தில் மனைவியின் சீதன வளவில் மேல்மாடி எழும்பினால் அது அவளது. மனைவியின் சம்பளத்தில் கணவன் பெயரில் காணி வாங்கினால் அது அவனது. ஆசிரியை ஒருவர் இருபது ஆண்டு கடன் கட்டிய காணியில் தமக்குப் பெயரில்லை என்று பின்னர் அறிந்து திகைத்ததை நாம் அறிவோம். சீதன வீடு பெண் பெயரிலேயே நிற்கட்டும். புதிய தேட்டம் கூட்டுப் பெயரிலாகட்டும்.

நான்காவது, விவாகப் பதிவை முகூர்த்தத்துக்கு முன்னரே திட்டமிடுங்கள். பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்துப் பன்னிரண்டு நாள் கழிந்தே சாதாரணமாகச் சான்றிதழ் கிடைக்கும். விசேட அனுமதிப் பத்திரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. அறிவித்தல் கொடுக்குமுன் அப்பிரிவில் வசித்திருக்க வேண்டிய நாள்களும் உள. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் மாப்பிள்ளை இக்கணக்கை மறந்துவிட்டால் மண்டபம் ஆயத்தமாகவும் பதிவுப் புத்தகம் மூடியும் இருக்கும். 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் இருபாலார்க்கும் குறைந்த வயது பதினெட்டு. பள்ளிச் சீருடையோடிருக்கும் பெண்பிள்ளைக்கு நாள் குறிப்போர் சட்டத்தையும் அவள் வாழ்வையும் ஒருங்கே மீறுகின்றனர்.

ஐந்தாவது, செலவை இரண்டு நிரலாக எழுதுங்கள். ஒரு நாளில் முடிந்துபோவன ஒரு நிரல்: மண்டபம், மணவறை, சாப்பாடு, வீடியோ, கூறையன்றி வாங்கும் உடுப்புகள். இருபது ஆண்டு நிற்பன மற்றொரு நிரல்: கூரை, கிணறு, மலக்கூடம், மின்னிணைப்பு, உறுதிச் செலவு. முதல் நிரலுக்குக் கடன் வாங்காதீர். இரண்டாம் நிரல் முடியாமல் முதல் நிரலைத் தொடங்காதீர். கூரை ஏறாத வீட்டின் முன் ஒளிவிளக்குத் தோரணம் கட்டிய கல்யாணங்கள் எம் ஊரிலும் நடந்திருக்கின்றன. தோரணம் மறுநாள் கழன்றது, கூரை மூன்று மாரிக்கும் ஏறவில்லை. சடங்குகள் குறைந்தால் மணம் குறைவுபடாது. அகநானூற்றின் 86-ஆம், 136-ஆம் பாடல்கள் காட்டும் பழந்தமிழர் மணத்தில் தீவலமும் புரோகிதரும் இல்லை. மணல் பரப்பிய பந்தரும், உற்றார்க்கு உணவும், மணமகளை நீராட்டி வாழ்த்தும் பெண்டிரும் இருந்தனர். சடங்கு காலந்தோறும் மாறியதே; நாமும் மாற்றலாம்.

ஆறாவது மணமகனுக்குரியது. ரொக்கம் வேண்டாம் என்பதை நிச்சயதார்த்தத்துக்கு முன்னர், தாய் தந்தையர் கேட்க, அவனே சொல்ல வேண்டும். ‘நான் கேட்கவில்லை, வீட்டார்தாம் கேட்டார்கள்’ என்னும் பட்டதாரியைப் பார்த்து நாம் சலித்துவிட்டோம். தனக்கும் திருமணமாகாத தங்கையிருந்தால், அவளுக்குரிய கடமையை மாமனார் பணத்தால் தீர்க்காமல், மணமகளிடம் ஒளிக்காமற் பேசித் தன் உழைப்பிலிருந்து இவ்வளவு என வகுத்துக்கொள்ளட்டும். மணப்பெண்ணும் உழைக்கின்றவளாயின், தன் வீட்டுச் செலவில் ஒரு பங்கைத் தானே சேமித்து, அண்ணனின் சுமையைக் குறைக்கட்டும். சிறு வளவில் தனித்தனியே கட்டாது, அடித்தளத்தை ஒருத்திக்கும் மேற்றளத்தை மற்றவளுக்கும் எழுதிக்கொள்ளும் சகோதரியரும் இருக்கலாமே.

தமிழகத்தில் 1928-ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியாரின் தலைமையில் புரோகிதரில்லாச் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. அத்தகைய மணங்கள் சட்டப்படி செல்லும் என்ற உறுதி 1967-இல் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் வழியே வந்தது. ஊரார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஏற்று வாழ்ந்ததைச் சட்டம் பின்னரே ஏற்றது. அங்கே சீர்திருத்தம் மணவறையை நோக்கிற்று. யார் மந்திரம் சொல்வது என்பதே அங்கு வினா. வாவிக்கரையில் எமது சீர்திருத்தம் உறுதியை நோக்க வேண்டும். யார் பெயர், யார் உழைப்பு, யார் கடன் என்பனவே இங்கு வினா.

சீதன வீட்டை ஒழிக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பெண்ணின் காலடியில் அவளுக்கென்று நிலமிருந்த ஒரு மரபை, நிலமில்லாத மற்றோர் ஒழுங்குக்காகக் கைவிடுவது முன்னேற்றமன்று. ஆனால் அந்நிலத்தை ஓர் இளைஞனின் படிப்பாலும் ஒரு தாயின் நாடுகடந்த அடிமையுழைப்பாலும் வாங்க வேண்டிய நிலைமையை இயற்கையென்று ஏற்பதும் அறமன்று. உள்ளூரில் வேலையும், ஏழைப் பெண்ணுக்குக் காணியும், நியாய வட்டியில் வீட்டுக் கடனும் கேட்டு எழும் குரல், ஒரு கல்யாண வீட்டின் சிக்கனத்தைவிடப் பெரிது. இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டும்.

கட்டாருக்குப் போன எம் மாணவன் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்து எம்மைக் கண்டான். மூத்த தங்கையின் வீடு முடிந்துவிட்டது, மணமும் முடிந்தது. இரண்டாவது வீட்டுக்கு அத்திவாரம் இட்டிருக்கின்றார்கள். இளைய தங்கை ஆசிரியப் பயிற்சி பெறுகின்றாள். தன் சம்பளம் வரத் தொடங்கியதும் கூரையைத் தானே போடுவதாகவும், அண்ணனை ஊருக்குத் திரும்பி வந்துவிடும்படியும் சொல்லியிருக்கின்றாளாம். அதனைச் சொல்லும்போது அவன் கொஞ்சம் நாணினான். “அதில் நாணுவதற்கு என்ன இருக்கின்றது, தம்பி?” என்று கேட்டோம். அவன் சிரித்துவிட்டு, உயர்தரக் கணித பாடத்திட்டம் இப்போது மாறிவிட்டதா, சேர், என்று விசாரித்தான்.